மெதுவாக வந்த படம்

மைசூர்
9 ஆகஸ்ட் 1998

மதிப்புக்குரிய அத்திம்பேருக்கு,

சுதர்ஷன் அநேக நமஸ்காரம். தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எப்போதும் அக்கா பெயருக்கு வீட்டு விலாசத்தில் எழுதுகிறவன் இன்று உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு மாதமாகத் தலைவலி. அதோடு வார்த்தைகள் மாறி வர ஆரம்பித்தன. குடையை எடு என்பதற்குக் குழாயை எடு என்பார். அசோகபுரம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் போர்மனாக இருந்து நூறு பேரை அதட்டியவர், ஒரு சொல் கிடைக்காமல் வாயைத் திறந்தபடி நிற்கிறார். போன வாரம் தலையை ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடது பக்கம் கட்டி. திறந்து எடுப்பதில் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை, மாசி வரை ஓடலாமாம். பேச்சு அதற்கு முன்பே போய்விடுமாம்.

அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "ஒம்பது வருஷம் கழிச்சு உண்டாயிருக்கா. ரெண்டு தடவை கலைஞ்சு வேற போயிருக்கு. இத அவ காதுல போடாதே. தை பொறந்தா தலைப்பிரசவத்துக்கு இங்கதானே வரப்போறா. அப்ப வந்து பாத்துக்கட்டும்" என்றார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. ஆபீஸுக்குப் போகிறேன், வருகிறேன். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும், தமிழும் கன்னடமும் பேசுகிற மாதம்மாவை வைத்திருக்கிறேன். மேற்கொண்டு நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி நடக்கிறேன். அக்காவிடம் மட்டும் மூச்சு விடவேண்டாம்.

தங்கள்
சுதர்ஷன்


நாக்பூர்
2 செப்டம்பர் 1998

சிரஞ்சீவி சுதர்ஷனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு வாந்தி மட்டும் நின்றபாடில்லை. ரசத்தைக் கண்டாலே குமட்டுகிறது. ரசம் இல்லாமல் வளர்கிற குழந்தை எந்த ஜாதியில் சேர்த்தி என்று உன் அத்திம்பேர் கேலி செய்கிறார்.

அப்பா எங்கே ஒளிந்துகொண்டார்? மாதம் பிறந்தால் ஒரு இன்லண்ட் வந்துவிடும். ஆடியிலும் இல்லை, ஆவணியிலும் இல்லை. பெண் உண்டாகியிருக்கிறாள் என்றதும் மனுஷருக்கு வெட்கம் வந்துவிட்டதா? இந்தக் கடிதம் கண்டதும் நாலு வரி எழுதச் சொல்.

டாக்டர் மார்ச் முதல் வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறாள். "அம்மா இல்லாத ஆத்துக்குப் பிரசவத்துக்குப் போய் என்ன பண்ணப்போறே? இங்கேயே இரேன்" என்று மாமியார் ஆரம்பித்தார். "அப்பா இருக்காரே" என்றேன். சீமந்தம் முடிந்ததும் நீ வந்து என்னை அழைத்துப் போகவேண்டும். நடு ரூமை இப்போதே ஒழிக்க ஆரம்பி. உன் கம்ப்யூட்டர் புத்தகங்களை எல்லாம் மாடிக்குக் கடத்து. அப்படி என்னதான் வேலை செய்கிறாய் அந்த ஆபீஸில்? இங்கே கேட்கிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு நமஸ்காரம் சொல்.

அக்கா


மைசூர்
20 செப்டம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். அப்பாவும் நானும் க்ஷேமம். உன் உடம்பைப் பற்றியும் அத்திம்பேர், மாமியார் க்ஷேமத்தைப் பற்றியும் எழுதவும். இங்கே தசராக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸை எல்லாம் சுற்றித் திருப்பிவிடுகிறார்கள்.

அப்பா பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டில் சுளுக்கு. அதனால்தான் எழுதவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.

என் வேலையைக் கேட்டாயே. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரி. மாணவர்கள் பார்ப்பதற்காக அவர்கள் வைத்திருக்கும் வெப் பக்கத்துக்குள் நாங்கள் ஒரு ஜன்னல் பொருத்தித் தருகிறோம். சாதாரணப் படம் என்றால் வந்து நின்றுவிடும், பார்க்கலாம், அவ்வளவுதான். இது அப்படியில்லை. தலையை ஸ்கேன் செய்தால், வெள்ளரிக்காயை வில்லை போட்டதுபோல், உச்சியிலிருந்து காதுவரை இருபது படம் வரும். ஜன்னலுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். மவுஸால் அதைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு வில்லையாகக் கீழே இறங்கலாம், மறுபடி மேலே ஏறலாம். இன்னொரு கம்பியை இழுத்தால் வெளிச்சம் கூடும், குறையும். ஜாவா என்று ஒரு மொழி வந்திருக்கிறது, அதில் எழுதுகிறோம். பக்கத்து நாற்காலி சைத்ரா அந்த வெப் பக்கத்தைச் செய்கிறாள். நான் ஜன்னலைச் செய்கிறேன்.

கல்லூரிக்காரர்கள் தங்கள் படங்களை இன்னும் அனுப்பவில்லை. அதுவரை மாதிரிக்கு மைசூர்க்காரர் ஒருவருடைய ஸ்கேன் பிலிமை ஆபீஸ் ஸ்கேனரில் வைத்து, பின்னால் விளக்குப் பிடித்து எடுத்து, தனித்தனியாக வெட்டிப் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தத் தலைக்குள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது வில்லையிலிருந்து பன்னிரண்டாவது வரை இடது பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. மற்றபடி தெளிவான படம்.

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

சுதர்ஷன்


நாக்பூர்
12 அக்டோபர் 1998

சிரஞ்சீவி சுதர்ஷனுக்கு,

ஆசீர்வாதம். நான் சௌக்கியம், வாந்தி நின்றுவிட்டது. உன் கடிதம் வந்தது. அதில் பெற்ற அப்பாவுக்கு இரண்டு வரி, யாரோ ஒருவர் தலைக்கு ஒரு பக்கம்.

சுளுக்கு என்றால் எண்ணெய் தடவி நீவிவிட்டால் பத்து நாளில் சரியாகிவிடாதா? வலது கை முடியாவிட்டால் இடது கையால் ஒரு கிறுக்கல் கிறுக்கச் சொல். கோழி கிளறினதுபோல் இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் போனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் நீதான் ஓடிவந்து, அப்பா தூங்குகிறார் என்றாய். பகல் பதினோரு மணிக்கு அவர் என்றைக்குத் தூங்கியிருக்கிறார்? எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. கர்ப்பிணிக்கு இப்படித்தான் கண்டதும் தோன்றும் என்கிறார் மாமியார்.

தீபாவளிக்கு அப்பாவுக்கு மயில்கண் வேஷ்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு அவர் என்ன சொன்னார் என்பதை வார்த்தைக்கு வார்த்தை எழுது. உன் ஜன்னல் சங்கதி எனக்கு வேண்டாம்.

அக்கா


மைசூர்
8 நவம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே க்ஷேமம். வேஷ்டி வந்தது. அப்பா கட்டிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு விஷயம். பிரசவத்துக்கு நீ இங்கே வரவேண்டாம். உன் மாமியார் சொன்னதுதான் சரி. வீட்டில் பெண்மணி யாரும் இல்லை. வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் மாதம்மாவுக்கு நம் சமையல் வராது. எனக்கும் மார்ச் மாதத்தில்தான் இந்த வேலையை முடித்துக் கொடுக்கவேண்டும், ஆபீஸைவிட்டு நகர முடியாது. அங்கேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கும்போது இந்த உடம்போடு இவ்வளவு தூரம் ரயிலில் எதற்கு என்று அப்பாவும் நினைக்கிறார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபிறகு எடுத்துக்கொண்டு வா.

ஜன்னல் பக்கத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. முதலில் சில பிரௌசர்களில் வெறும் சாம்பல் கட்டமாக நின்றது. இப்போது வருகிறது.

அத்திம்பேருக்கும் மாமியாருக்கும் நமஸ்காரம்.

சுதர்ஷன்


நாக்பூர்
6 டிசம்பர் 1998

சுதர்ஷனுக்கு,

ஆசீர்வாதம். நீ எழுதியது வந்து மூன்று வாரத்துக்குமேல் ஆகிறது. பதில் எழுதக் கை வரவில்லை.

தலைப்பிரசவத்துக்கு வராதே என்று பெண்ணிடம் சொன்ன பிறந்தகத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. கடிதத்தை மாமியாரிடம் காட்டாமல் வைத்திருந்தேன். எத்தனை நாள் மறைக்கமுடியும்? சொன்னேன். "நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார். ஜெயித்த குரலில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவம் பார்த்துச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

அப்பாவும் நினைக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அப்பா நினைத்திருந்தால் அதை அவர் கையாலேயே எழுதட்டும். எந்த ஊர்ச் சுளுக்கு மூன்று மாதம் இருக்கும்? என்மேல் அவருக்கு என்ன கோபம் என்றாவது தெரிந்தால் தேவலை.

ஜனவரி மூன்றாம் தேதி சீமந்தம். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். இனிமேல் நானாக எதுவும் கேட்கமாட்டேன்.

கனகலக்ஷ்மி


மைசூர்
20 டிசம்பர் 1998

மதிப்புக்குரிய அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். இதையும் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அக்கா எழுதியதைப் படித்தேன். அப்பாவை இந்த நிலையில் பார்த்தால் அவள் தாங்கமாட்டாள், எப்படியாவது தடுத்துவிடு என்று நீங்கள் எழுதியபடிதான் தடுத்தேன். நாம் செய்தது சரியா என்று யோசிக்க உட்கார்ந்தால் எனக்கு யோசனை ஓடமாட்டேன் என்கிறது. சீமந்தத்துக்கும் வரமுடியாது. அப்பாவை விட்டு இரண்டு நாள் நகர வழியில்லை.

அப்பாவிடமும் ஒரு பொய் சொல்லவேண்டியதாகிவிட்டது. தினமும் காலையில் வாசல் பக்கம் கையைக் காட்டி "கனகம்?" என்று கேட்பார். அந்த ஒரு சொல்தான் கடைசிவரை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல், "அவ வரலையாம்ப்பா. அங்கேயே பெத்துக்கறேன்னு எழுதிட்டா" என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். அதற்கப்புறம் கேட்கவில்லை. இப்போது தமிழ் அநேகமாகப் போய்விட்டது. ஒர்க்ஷாப்பில் பேசிய கன்னடம் கொஞ்சம் நிற்கிறது. "சாமி என்கூட ரெண்டு வார்த்தை பேசுறாருங்க. உங்களைக் கண்டா வாயை மூடிக்கிறாருங்க, ஏனுங்க?" என்று மாதம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

எங்கள் ஜன்னல் உள்ள பக்கத்தைக் கல்லூரிக்காரர்கள் சோதனைக்காக வெளியே போட்டுவிட்டார்கள். எந்த ஊரிலிருந்தும் திறந்து பார்க்கலாம். உங்கள் ஆபீஸில் இன்டர்நெட் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். விலாசம் தனித் தாளில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துப்போய்க் காட்டுங்கள். தம்பி உண்மையாகவே வேலையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தங்கள்
சுதர்ஷன்


நாக்பூர்
11 ஜனவரி 1999

சுதர்ஷனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நானும் வயிற்றில் இருப்பதும் சௌக்கியம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்குமுன் நீ பயந்துவிடுவாய்.

நேற்று உன் அத்திம்பேர் ஆபீஸுக்கு அழைத்துப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, நீ கொடுத்த விலாசத்தை அடித்தார். டெலிபோன் லைனில் வருவதால் நேரமாகும் என்று சொல்லி எனக்கு டீ வாங்கிவரப் போனார். நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கறுப்பாக ஒரு ஜன்னல் வந்தது. பிறகு மேலிருந்து கோடு கோடாகப் படம் இறங்கியது. மூலையில் வெள்ளை எழுத்தில் ஏதோ இருந்தது. படித்தேன். பட்டாபிராமன், ஆண், வயது 67, மைசூர்.

அடுத்த படம் வந்தது. அதிலும் அதே பெயர். ஒவ்வொரு வில்லையிலும் அப்பா பெயர் வந்து நின்றது. இருபதும் வந்து சேர்ந்தபிறகுதான் ஒரு கறுப்புச் சதுரம் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. உன் அத்திம்பேர் டீயோடு வந்தபோது பெயர் இல்லை. "பாத்தியா உன் தம்பி சாமர்த்தியத்தை" என்றார். பார்த்தேன் என்றேன். கம்பியை நானே பிடித்து இழுத்தேன். நீ சொன்ன இடத்தில் அந்த வெள்ளைத் திட்டு இருந்தது. மைசூர்க்காரர் ஒருவர் என்று எழுதியிருந்தாயே சுதர்ஷா.

வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன். ஆகஸ்டிலிருந்து தெரியும் என்று ஒத்துக்கொண்டார். உலகத்தில் அத்தனை பேருக்கும் அப்பாவின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டியிருக்கிறாய், எனக்கு மட்டும் சுளுக்கு என்று எழுதியிருக்கிறாய். இத்தனை நாள் எழுதவில்லை என்று நான் மனதுக்குள் திட்டியதெல்லாம் ஒரு நோயாளியை.

இன்று காலை டாக்டரிடம் போனேன். கீழ் பெர்த்தில் படுத்தபடி போகலாம் என்றாள். 22ஆம் தேதி கிளம்புகிறோம், அவரும் துணைக்கு வருகிறார். வராதே என்று எழுதாதே. எழுதினாலும் வருவேன்.

அக்கா


மைசூர்
16 ஜனவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதம் இன்று கிடைத்தது. நீ கிளம்புமுன் கைக்கு வரவேண்டும் என்று இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

ஆபீஸில் அந்தப் படங்கள் என் மெஷினுக்குள்ளேயே இருக்கின்றன. திறந்த மாத்திரத்தில் இருபதும் வந்துவிடும், சதுரமும் வந்துவிடும். பெயர் தெரிந்ததை நான் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. படங்களிலேயே பெயரை அழித்திருக்கவேண்டும். ஒவ்வொரு படமாக உட்கார்ந்து அப்பா பெயரை அழிக்க என்னால் முடியவில்லை. எல்லாம் வந்தபின் மேலே ஒரு சதுரம் போடு என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன். மெதுவான லைனில் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் நேரே ஆபீஸுக்குப் போய் அதைத் திருத்தினேன். திருத்தி முடித்து, சைத்ராவிடம் சரிபார்க்கச் சொல்லிவிட்டு எழுந்தபோதுதான் உனக்குத் தெரிந்துவிட்டது என்பதே உறைத்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வா அக்கா. நடு ரூமை ஒழித்தாயிற்று. மாதம்மா மெத்தையை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறாள். அப்பாவுக்குக் கன்னடம்தான், அதுவும் கொஞ்சம்தான். ஆள் அடையாளம் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. அவர் ஏதாவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

சுதர்ஷன்


நாக்பூர்
6 ஜூன் 1999

சிரஞ்சீவி சுதர்ஷனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே வந்து சேர்ந்தோம், எல்லோரும் சௌக்கியம். ஸ்நேஹா ஒருக்களித்துப் படுக்கிறாள், இன்னும் ஒரு வாரத்தில் குப்புற விழுந்துவிடுவாள் என்கிறார் மாமியார். வெயில் கொளுத்துகிறது. குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

கல்லூரிக்காரர்களின் படங்கள் வந்துவிட்டதாகவும், அப்பாவின் படங்களை எடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். சரி.

நான் வந்து இறங்கிய அன்றைக்கு அப்பா என்னை அடையாளம் கண்டாரா என்று கேட்டிருக்கிறாய். அங்கே இருந்த நான்கு மாதமும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, அவசர வேலை என்று ஆபீஸுக்கு ஓடினாய். உன் அத்திம்பேர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். நான் மட்டும்தான் உள்ளே போனேன்.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "பர்ரி, கூத்கொள்ளி" என்றார். வாங்கோ, உட்காருங்கோ என்று. பெற்ற பெண்ணை யாராவது வாங்கோ என்பார்களா? உட்கார்ந்தேன். பிறகும் கன்னடத்தில்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். எனக்கு மனதில் தமிழாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"பிரசவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனக்கும் ஒரு பொண்ணு. அவ வரமாட்டாளாம். அங்கேயே இருந்துக்கறேன்னு எழுதிட்டாளாம்" என்றார். அப்புறம் நடு ரூம் பக்கம் கையைக் காட்டி, "ரூம் காலியாத்தான் கிடக்கு. நீங்க இருந்துக்கோங்கோ" என்றார்.

மாதம்மா ஓடிவந்து, "சாமி, உங்க பொண்ணுதானுங்க வந்திருக்குது" என்றாள், தமிழிலும் கன்னடத்திலும். அவள் ஏதோ அசட்டுத்தனமாகப் பேசுவதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தார். நானும் சொன்னேன், நான்தான்ப்பா கனகம் என்று. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்நியப் பெண் கையைப் பிடித்ததில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். அதற்குமேல் நான் சொல்லவில்லை. "ஆகலி சார்" என்றேன், ஆகட்டும் என்று. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

அதிலிருந்து போகிறவரை அவருக்கு நான் அந்த ரூமில் தங்கவந்த யாரோ ஒரு பெண்தான். தினமும் மத்தியானம், சாப்பாடு ஆயிற்றா என்று மரியாதையாகக் கேட்பார். ஆயிற்று சார் என்பேன். நீ பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்பார். ஸ்நேஹா பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். பெண் வரவில்லை என்ற நினைப்போடேயே போய்விட்டார்.

வரமாட்டேன் என்று நான் எழுதவில்லை. நீ சொல்லியிருக்கிறாய். உன் அத்திம்பேரைக் கேட்டேன், அவரும் ஆமாம் என்றார். எதற்காகச் சொன்னாய் என்று எனக்குப் புரிகிறது. தினமும் வாசலைக் காட்டிக் கேட்டால் நானும் ஏதாவது சொல்லித்தான் இருப்பேன். புரிந்து என்ன, அதனால் ஒன்றும் மாறவில்லை.

உன்மேல் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறேன், பால் கொடுக்கிறேன், துணி மடிக்கிறேன். இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா